சோறும் பயறும்

"பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிறான், ஆனாலும் தேறுகிறானில்லை" என்று தாய்மார் சொல்வதை நமது கிராமங்களில் அடிக்கடி கேட்கிறோம். வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. இதை விளங்கிக்கொள்ளப் புரதத்தைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நன்று.

அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டதே புரதம். பொதுவாக 20 வகை அமினோ அமிலங்களாலேயே நமது உடலின் புரதங்கள் ஆக்கப்படுகின்றன. எழுத்துக்களின் ஒழுங்கு மாறினால் சொல் மாறுவதுபோல, இவற்றின் ஒழுங்கு மாறினால் புரதமும் மாறுகிறது. சங்கிலி மடிந்து பெறும் வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கிறது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினில் 574. அதன் ஒருவகைச் சங்கிலியில், ஓரிடத்தில் மட்டும், வேறோர் அமினோ அமிலம் வந்தமர்ந்தாலே செங்குழியங்கள் அரிவாள்போல் வளைந்து நோய் உண்டாகலாம். தசைகள், உணவைச் சமிக்கச்செய்யும் நொதியங்கள், கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் எல்லாவற்றுக்கும் புரதமே ஆதாரம்.

இந்த 20 வகையில் 9 வகையை உணவிலிருந்தே பெறவேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை மிகுந்திருந்தும் வேலை நடவாது. கல் குவிந்திருந்தும் சீமெந்து இல்லாத மேசனின் நிலைதான். அரிசியில் லைசின் குறைவு; பயற்றில் அது தாராளம். பயற்றில் குறைந்த மெதியோனின் அரிசியில் உண்டு. தோசைக்கு உழுந்தையும் பொங்கலுக்குப் பயற்றையும் சேர்த்த நம் முன்னோர் லைசினை அறியார். சேர்க்கையின் பயனை அறிந்திருந்தனர்.

இன்று நடப்பதென்ன? விளைந்த பயறும் கௌபியும் உழுந்தும் மூட்டையாகச் சந்தைக்குப் போகின்றன. முட்டையும் கடைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் பிஸ்கற் வீட்டுக்கு வருகிறது. சமைத்த கறியிலும் மீன்துண்டு ஆண்களுக்கு. கடைசியாகச் சாப்பிடும் தாய்க்குச் சோறும் குழம்பும். அவள் கர்ப்பிணியாயின் நட்டம் இரண்டு உயிர்களுக்கு.

கடன்பட்டவரிடம் "விற்காதே" என்று உபதேசிப்பது நியாயமல்ல. ஆனால் விற்குமுன் வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று கேட்கலாம். உடல் கொழுப்பைச் சேமிப்பதுபோல அமினோ அமிலங்களைச் சேமித்து வைப்பதில்லை. ஆகவே திருநாளில் உண்ணும் விருந்தைவிட, நாள்தோறும் சோற்றுடன் சேரும் ஒரு பிடி பயறே மேலானது.

நமது கிராம சங்கங்கள் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்கெடுக்கின்றன. தாயின் கோப்பையில் என்ன இருக்கிறது என்பதையும் அவை கேட்கத் தொடங்கட்டும்.