மாசா மாசம் வாடகை வாங்குறீங்க... பேட்டரி யார் பொறுப்பு?

திருப்பூர், வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கணவர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான், வீட்டிலிருந்தபடியே பனியன் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். வாசலை ஒட்டி, என் நங்கை (கணவரின் அக்கா) சின்னதாய் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒத்தாசைக்கு, நானும் கல்லாவில் உட்காருவது உண்டு.

எங்க ஊரில், வாரச் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நிற்க இடம் இருக்காது. இப்போது, பலருக்கும் சம்பளம் பேங்க்கில் ஏறுவதால், இரண்டு வருஷத்துக்கு முன், கார்டு மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வாடகையை, மாசா மாசம் கணக்கில் இருந்து அவர்களே பிடித்துக் கொள்வர்.

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை... ஒடிசாவிலிருந்து வந்து, பக்கத்து கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், 1,240 ரூபாய்க்கு சாமான் வாங்கி, கார்டைச் சொருகி, ரகசிய எண்ணை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து, மிஷின் பொசுக்கென்று அணைந்து விட்டது. அவள் போனில், பணம் போய்விட்டதாக மெசேஜ். எங்களுக்கோ, வந்ததற்கான அடையாளமே இல்லை.

'அக்கா, பைசா கட் ஆகிருச்சு...' என்று, கண் கலங்கி விட்டாள். 'எங்களுக்கு வரலையே கண்ணு...' என்று நங்கையும் தவித்தார். கடைசியில், நோட்டில் எழுதிக் கொண்டு, சாமானைக் கொடுத்து அனுப்பினார். நான்காம் நாள், பணம் அவள் கணக்குக்கே திரும்பியது. தானே வந்து, ரொக்கமாகக் கொடுத்து விட்டுப் போனாள். ஆனால், நங்கை கடன் கொடுக்காமல் இருந்திருந்தால், அந்த நான்கு நாள், அவள் என்ன செய்திருப்பாள்?

இதற்கு, ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் தானாகவே திருப்பித் தர வேண்டும். தாமதமானால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், நஷ்டஈடும் தர வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, மிஷின் ஏன் அணைந்தது? பின்மூடியைக் கழற்றினால், பேட்டரி, பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது! ஏஜென்ட் தம்பிக்கு போன் போட்டால், 'ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு ஓட்டுங்கக்கா... பேட்டரிக்கு தனியா காசு ஆகும்...' என்கிறார், கூசாமல்.

கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் விளக்கிச் சொன்ன பிறகுதான், விவரம் புரிந்தது. இதில் இருப்பது, செல்போனில் உள்ள அதே லித்தியம் அயன் பேட்டரி. ஏறத்தாழ 300 முதல் 500 முறை சார்ஜ் ஏற்றி இறக்கியதும், அதன் சக்தி குறையத் தொடங்கும். தினமும் ஏற்றினால், ஒன்றரை வருஷத்தில் அந்தக் கணக்கு முடிந்து விடும். சிக்னல் தேடவும், ரசீது அடிக்கவும் மிஷினுக்கு ஒரே மூச்சில் அதிக மின்சாரம் வேண்டும். மையில்லாமல், சூட்டினால் எழுத்து பதியும் ரசீது அது. அதனால்தான், சார்ஜ் இருப்பது போல் காட்டிவிட்டு, வேலை நேரத்தில் காலை வாரி விடுகிறது, வயசான பேட்டரி.

உப்புவதற்குக் காரணம், உள்ளே உள்ள திரவம் கெட்டு, வாயு உண்டாவது. அந்தத் திரவம், தீப்பற்றக் கூடியது. குத்தினாலோ, நசுக்கினாலோ, உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து, தீப்பிடிக்கலாம். விமானத்தில், உதிரி லித்தியம் பேட்டரியை, சரக்கோடு போகும் பெட்டியில் வைக்க விடாமல், கையோடு கொண்டு வரச் சொல்வது, இதனால் தானாம்.

அன்று இரவு, எனக்குத் தூக்கமே வரவில்லை. ராத்திரியெல்லாம் நாங்கள் அதை சார்ஜ் போட்டு வைத்திருந்த இடம் எது தெரியுமா? பிசிறு வெட்டிய பனியன் கட்டுகளின் மேல். கீழே, பாயில் என் மகன். திருப்பூரில், துணியும், பஞ்சும் இல்லாத வீடு ஏது?

தோழிகளே... உங்கள் கடையில், வீட்டில், மிஷினின் முதுகு உப்பியிருந்தால், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். துணிமணி, அடுப்பு பக்கம் இல்லாமல், வெறும் சிமென்ட் தரையில், தனியே வையுங்கள். புகை வந்தால், பிள்ளைகளோடு வெளியேறி, 101க்கு போன் செய்யுங்கள். நல்ல பேட்டரியாகவே இருந்தாலும், ராத்திரி முழுக்க சார்ஜில் விட வேண்டாம்.

குப்பையிலும் போட்டு விடாதீர்கள். காலையில் வீட்டுக்கு வீடு வந்து, கையால் குப்பை பிரிக்கிறவர்களும், நம்மைப் போன்ற பெண்கள் தானே? குப்பை வண்டியில் நசுங்கினால், தீப்பிடிக்காதா? 2022ல் மத்திய அரசு கொண்டு வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து, மறுசுழற்சிக்கு அனுப்புவது, தயாரிப்பாளர்களின் பொறுப்பு. மற்ற குப்பையோடு கலக்காமல் ஒப்படைப்பது, நம் பொறுப்பு.

'எதுக்கு வம்பு? மிஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு, ரொக்கத்துக்கே வித்துட்டுப் போ...' என்கின்றனர், சிலர். சம்பளம் பேங்க்கில் விழும் ஊரில், அது நடக்கிற காரியமா?

என் கேள்வி ஒன்றுதான்... வீட்டை வாடகைக்கு விட்டவர், ஒழுகும் கூரையைக் குடியிருப்பவர் தலையில் கட்டலாமா? மிஷின் அவர்களுடையது, வாடகை நாம் கொடுக்கிறோம். அப்படியிருக்க, பேட்டரியை மாற்றித் தருவதும், பழையதை வாங்கிப் போவதும், அவர்கள் கடமை இல்லையா? வாடகைக்கு எடுக்கும்போதே, 'பேட்டரி யார் பொறுப்பு?' என்று கேட்டு, எழுதி வாங்குவோம்.

நங்கை, ஏஜென்ட் பேச்சைக் கேட்காமல், புகார் எண் வாங்கி, நான்கு முறை விடாமல் போன் செய்தார். ஒன்பதாம் நாள், புது பேட்டரி வந்தது, காசில்லாமல். பழையதை எடுத்துப் போனதற்கு, கையெழுத்தும் வாங்கிக் கொண்டார். ரப்பர் பேண்டு, இப்போது பருப்புப் பொட்டலத்துக்குத்தான்!

— ஒரு வாசகி, வீரபாண்டி, திருப்பூர்.