விளக்குக் கம்பியின் பழுதை அளந்து காண்போம்

தறிக்கு மேல் தொங்கும் விளக்கு அணைந்துவிட்டால், மெயின் பெட்டியிலுள்ள ஃப்யூஸ் கட்டையை இழுத்து, முன்னிருந்ததைவிடத் தடித்த கம்பியொன்றைச் சுற்றிவிடும் வழக்கம் நம் அங்கத்தினர் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. மின்கசிவைக் கண்டால் விழுந்துவிடும் புதுவகை ஸ்விட்சைப் பொருத்தியவர்களோ, ஐப்பசி மழையில் அது அடிக்கடி விழுகிறதென்று அதையே விலக்கி நேர்க்கம்பி கொடுத்துவிடுகின்றனர். நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது இது.

அந்த ஸ்விட்ச் பார்ப்பதெல்லாம் ஒரு வரவு செலவுக் கணக்குத்தான். ஃபேஸில் சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்தது எங்கே போயிற்று? கூரை ஒழுகலில் நனைந்த இணைப்பு வழியாகவோ, எலி கடித்த கம்பி வழியாகவோ சுவரிலும் மண்ணிலும் இறங்கியிருக்கும். குழித்தறியில் ஈரமண்ணில் கால்வைத்து அமரும் நெசவாளிக்கும், கொள்ளிடக்கரை வாழைத் தோட்டத்து மோட்டார்க் கொட்டகையில் வெறுங்காலுடன் நிற்கும் விவசாயிக்கும் அந்தக் கசிவு எமன்.

பழுதைத் தேட நம்மிடமுள்ள ஒரே கருவி சட்டைப் பையில் செருகிய டெஸ்டர். அது பாதி உண்மைதான் சொல்லும். நியூட்ரல் அறுந்த பகுதியில் ஏதேனும் ஒரு விளக்கின் ஸ்விட்ச் போட்டிருந்தால், பிளக்கின் இரு துளையிலும் டெஸ்டர் எரியும். 'இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது' என்று வீட்டார் கலங்குவர்; அறுந்த நியூட்ரலை எவரும் தேடார். ஸ்விட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்த வீடுகளும் உண்டு. அங்கே விளக்கு அணைந்திருக்கும். ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். அணைத்த பின்னும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கினால் இதையும் ஐயுற வேண்டும்.

கைலாசபுரத்தில் குடியிருப்போரில் பலர் 1965-இல் தொடங்கிய பெல் கொதிகலன் தொழிற்சாலையைச் சார்ந்தவர்கள். நீராவி ஏற்றுமுன், வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீரழுத்தம் கொடுத்துக் கொதிகலனைச் சோதிக்க வேண்டுமென்பது விதி. வீட்டுக் கம்பிக்கும் அத்தகைய சோதனை உண்டு. மெயினை நிறுத்தி, பல்புகளையும் மற்றச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்து, கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள தடையை அளப்பர். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் கம்பியில் கோளாறு. பிறகு நடுவிலுள்ள ஜங்ஷன் பெட்டியில் பிரித்து, எந்தப் பாதியில் குறைகிறதென்று கண்டு, அதனை மீண்டும் பிரித்தால், சுவரை இடிக்காமலே இடம் அகப்படும். நியூட்ரலையும் தனியே கழற்றிச் சோதிக்க வேண்டும், ஒற்றை எம்.சி.பி.யை இறக்கினால் ஃபேஸ் மட்டுமே துண்டிக்கப்படும்.

கைத்தறிக்கு இரு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆயிற்று. வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்த மின்சாரம் ஓடும் கம்பியைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேச்சே எழுவதில்லை. நூலுக்கும் உரத்துக்கும் கடன் கொடுக்கும் சங்கங்கள், ஆளுக்கொரு மெகர் வாங்கி வைத்து, உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் அங்கத்தினர் வீடுகளைச் சோதிப்பிக்கலாம். தனியொருவர் வாங்கினால் கருவி பரணில் கிடக்கும். சங்கத்தில் இருந்தால் தெருத்தெருவாகச் சுற்றும். கட்டணத்தைத் தவணையாகப் பிடித்துக்கொள்வதில் தடையில்லை. முதற் சோதனை சங்கக் கிடங்கிலேயே நடக்கட்டும். அங்குள்ள ஃப்யூஸ் கட்டைகளில் என்ன கம்பி சுற்றியிருக்கிறதென்று நிர்வாகிகளும் ஒருமுறை பார்க்கட்டும்.