வண்டி இருக்கிறது, நிறுத்த இடம்தான் இல்லை

கேரவன் சுற்றுலா விளம்பரங்களில் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பளபளக்கும் வண்டி, அதன் பக்கவாட்டில் விரித்த பந்தல், இரண்டு நாற்காலி, பின்னால் கடல். கழிவறைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது போவதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நாங்கள் டில்லி மயூர் விஹார்க்காரர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற மெரினா. ஜனவரிப் புகையில் மாமியாரின் இருமல் நிற்கவில்லை. பள்ளிக்கூடமும் விடுமுறை. சரி, குஜராத்தின் கட்ச் கரைக்குப் போவோம் என்று டிரைவரோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். "ஏம்மா, சினிமாக்காரங்க உட்கார்ற வண்டிதானே இது?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் ஏறினார். கூடவே குக்கர், இட்லிப் பொடி, தயிர்த் தூக்கு. ஜெய்ப்பூர், அஜ்மீர், பாலன்பூர், ராதன்பூர் என்று போய் புஜ் சேர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.

அங்கே பாலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் மரக்கப்பல் கட்டுகிறார்கள். மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிற மரக்கூட்டின் அடியில் ஒருவர் குந்தியிருந்து, பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் புகாமலிருக்க அதுதான் காப்பு. என் பையன் வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மேற்கே போகப் போக மரம் குறைந்து, முள்ளும் உப்பும் காற்றாலைகளும்தான். கோட்டேஸ்வரர் கோயில் கடலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கிறது.

அதற்கும் வடக்கே லக்பத். 1801-ல் கட்ச்சின் படைத்தலைவர் ஃபதே முகமது கட்டிய கோட்டை மதில் இன்னும் ஊரைச் சுற்றி நிற்கிறது. உள்ளே ஊர்தான் பெரும்பாலும் காலி. சிந்து நதியின் கிளை ஒன்று ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வந்தது. கப்பல் வந்தது, சுங்கம் கொழித்தது. 1819 நிலநடுக்கத்தில் தரை மேலெழும்பி ஆற்றை மறித்துவிட்டது. அந்த மேட்டுக்கு மக்கள் வைத்த பெயர் அல்லா பந்த், கடவுள் கட்டிய அணை. வியாபாரம் போனது, ஆட்களும் போனார்கள். மக்கா போகும் வழியில் குருநானக் தங்கியதாகச் சொல்லும் குருத்வாரா இன்னும் விளக்கெரிந்தபடி இருக்கிறது. மதில்மேல் நின்றால் தெரிகிற வெட்டவெளியில் எதுவரை நிலம், எங்கிருந்து கடல் என்று சொல்ல முடியாது.

இனி தொட்டிக்கு வருகிறேன். கேரவன் கழிவறைக்கு அடியில் இருப்பது ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி. குடும்பமாக உபயோகித்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். நலியா பக்கம் ஒரு தாபாக்காரர் இரவு வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மாமியாரை "பா" (அம்மா) என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். "தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள், அதை மட்டும் இங்கே திறக்காதீர்கள்" என்றார். நியாயம்தான். நர்மதைத் தண்ணீர் குழாயில் வந்துசேர்கிற வறண்ட பூமி அது; அதை அசுத்தப்படுத்தலாமா? பாகிஸ்தான் எல்லைப்புறம் என்பதால் கண்ட இடத்தில் இரவு தங்கவும் முடியாது. உப்புவெளியில் கொட்டிவிட்டுப் போகலாம் என்றார் எங்கள் டிரைவர். அப்படிக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆண்களுக்கு நெடுஞ்சாலை முழுவதுமே கழிப்பறை. ஆகவே இந்தக் கவலை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசுகளின் அக்கறையெல்லாம் வண்டிமேலும் சொகுசுப் பூங்காமேலும் இருக்கிறது. கேரளம் 2021-ல் கேரவன் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்கா வந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டுக்கொள்ள நினைத்தால், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. டில்லியிலோ பழைய டீசல் வண்டி என்றாலே பிரச்சினை. ஆக, நம் ஜனங்கள் டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுத்து, அடுப்பும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தியாவின் கேரவன் அதுதான். அதற்குத் தேவை ஒரு திடல், ஒரு குழாய், சுத்தமான கழிப்பறை, கழிவைக் கொட்ட மூடியுள்ள ஒரு குழி, ஒரு விளக்கு, ஒரு காவலாளி. ரிசார்ட் வேண்டாம்.

கட்ச்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நவராத்திரியில் மாதா நோ மட் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து வருவார்கள். வழிநெடுகப் பந்தல் போட்டுச் சோறும் டீயும் கொடுத்து, கால் பிடித்துவிடுகிறவர்கள்கூட உண்டு. நம் பக்கம் ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் போட்டதும் இதே எண்ணத்தில்தான். நடந்து வருகிறவருக்குக் கிடைக்கிற மரியாதையில் கொஞ்சம் வண்டியில் வருகிற குடும்பத்துக்கும் கிடைக்கலாமே. அதை ஆண்டு முழுவதும், அரசே செய்யலாமே.

தமிழ்நாட்டில் தொடங்க வேண்டிய இடம் ராமேஸ்வரம். ராஜஸ்தானிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகிற பஸ்கள் அங்கே ஓரமாக நிற்பதையும், பக்கத்திலேயே பெண்கள் மாவு பிசைந்து ரொட்டி சுடுவதையும் பார்த்திருப்பீர்கள். ஊரை அசிங்கப்படுத்துகிறார்கள் என்று நம்மவர்கள் அவர்களைத் திட்டுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். நலியாவில் தொட்டியோடு நின்றபோது, அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தேன். தனுஷ்கோடி மணலில் வண்டிகளை இரவு தங்கவிடாதது சரியே. அந்த மணலைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஊருக்குள் வருவதற்கு முன்பே ஒரு திடலை ஒதுக்கி, குழாயும் கழிப்பறையும் கட்டி, இந்தியில் ஒரு பலகையும் வைத்தால் என்ன? அரசியல் பேசுகிறவர்கள் பலகையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளட்டும். கட்டணமும் தாராளமாக வாங்கட்டும். வண்டிக்கு நூறு ரூபாய் என்றால், அந்தக் குழியைக் கண்ணால் பார்த்ததுமே என் மாமியார் சுருக்குப்பையை அவிழ்த்துவிடுவார்.