தெருச்சுவரில் பாட்டும் படமும்

எழுதுதல் என்னும் ஒரு வினையையே நம் முன்னோர் பாட்டிற்கும் படத்திற்கும் வழங்கினர். ஏட்டில் எழுத்தாணி கொண்டு எழுதினர்; சுவரில் தூரிகை கொண்டு எழுதினர்; கண்ணுக்கு மை எழுதினர்; மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். ஓவியத்திற்கே எழுத்து என்னும் பெயரும் உண்டு. இங்ஙனம் ஒரு சொல்லால் இணைந்து நின்ற இரு கலைகளையும் பிற்காலத்தார் பிரித்து, ஒன்றை நூல்நிலையத்திலும் மற்றொன்றைக் காட்சிச்சாலையிலும் அடைத்து வைத்தனர். அவை மீண்டும் கூடுதற்குரிய இடம் தெருச்சுவர் என்பது என் கருத்து. அதனினும் ஒரு படி மேற்சென்று, அவற்றைக் கூட்டுவிப்போர் அத்தெருவில் வாழ்வோராகவே இருத்தல் வேண்டும் என்பேன். அவர்தம் கையும் வாயும் படாத சுவர்க்கவிதை, எத்துணை அழகியதாயினும், ஓர் அறிவிப்புப் பலகையே ஆகும்.

இது புதுமை விரும்பிக் கூறும் கூற்றன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டைப் பயின்றோர் இதன் உண்மையை அறிவர். நப்பண்ணனார் பாடிய அப்பாட்டில், பரங்குன்றத்திற்கு வழிபட வந்த மக்கள் எழுத்துநிலை மண்டபத்துள் நின்று ஓவியம் காண்கின்றனர். ஒருபால் ஞாயிறு முதலிய சுடர்களின் நிலை எழுதப்பட்டிருக்கிறது. ஒருபால் இரதியும் காமனும் உளர். ஒருபால் பூனையுருக் கொண்ட இந்திரனும், அகலிகையும், சினமுற்ற கௌதமனும், கல்லுருவான நிலையும் காணப்படுகின்றன. கண்டோர் வாளா நிற்கவில்லை. இவன் யார், இவள் யார் என்று சிலர் வினவுகின்றனர், சிலர் விடையிறுக்கின்றனர், சிலர் கதையையே விரித்துரைக்கின்றனர். இப்பகுதியை வகுப்பில் முதன்முதற் கேட்டபொழுது என் உள்ளத்தைக் கவர்ந்தது ஓவியன் திறம் அன்று; அவ்வினாவும் விடையுமே. வினவுவோரும் வழிபட வந்த மக்கள். விடை கூறுவோரும் அவரே. சுவரின் முன் நின்ற ஒருவர் தம் அருகில் நிற்பவரை நோக்கி வாய் திறக்கிறார். சுவர் ஓவியம் செய்ய வேண்டிய தொழில் இதைவிட வேறு யாது?

அவ்வோவியங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. சாந்து உதிர்ந்தது, வண்ணம் மறைந்தது. அவற்றைக் கண்டோர் பேசிய பேச்சை மட்டும் பாட்டு நமக்குக் காத்துத் தந்தது. மணிமேகலையிலும் சாத்தனார் இத்தகைய காட்சி ஒன்றைக் காட்டுகிறார். புகார் நகரத்து நெடுநிலை மாடங்களின் வெண்சுதையில், வானவர் முதலாக எல்லா உயிர்களையும் வித்தகர் எழுதிய ஓவியத்தை வீதியில் திரண்டோர் கண்டு நிற்கின்றனர். அரண்மனைக்கு உள்ளே அன்று, வீதியில் என்பதைக் கருதுக. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையை எழுதிய ஓவியர், காட்சிகளோடு தமிழ்க் குறிப்புகளையும் எழுதிவைத்தனர். படமும் சொல்லும் ஒரே பரப்பில் உறைதல் நமக்குப் பழைய வழக்கமே.

இனி, இற்றைநாள் நம் ஊர்ச் சுவர்களைப் பார்ப்போம். திருக்குறள் பேருந்திலும் பள்ளி மதிலிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1976 ஆம் ஆண்டில் சென்னையில் எழுந்த வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. இவை நற்பணிகளே, குறை கூறேன். ஆயினும் மதில்தோறும் அதே பத்துப் பன்னிரண்டு குறள்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதினவர் பார்த்து எழுதினார். கடப்பவர் பாராமல் கடக்கின்றனர். எவரும் எவரையும் ஒன்றும் வினவுவதில்லை.

இதனினும் வருந்தத் தக்க வழக்கம் ஒன்றுண்டு. சுவரடியை மக்கள் அசுத்தம் செய்யாதபடி சிலுவையும் பிறையும் பிள்ளையார் திருவுருவும் பொறித்த ஓடுகளை வரிசையாகப் பதித்து வைக்கின்றனர். கிறிஸ்தவனாகிய யான் சிலுவையை அவ்விடத்தில் காணுந்தோறும் நாணுகின்றேன். பிற சமயத்து நண்பரும் அங்ஙனமே நாணுவர் என்று நம்புகின்றேன். சுவரொட்டி ஒட்டாதிருத்தற்பொருட்டுப் படம் தீட்டுவதும் ஏறக்குறைய இவ்வினத்தைச் சேர்ந்ததே. சுவரைக் காக்கவென்று கலையைக் கூலிக்கு அமர்த்தினால், அக்கலை காவற்காரன் முகத்தையே காட்டும்.

அயல்நாட்டு முயற்சி ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். ஆனைமங்கலச் செப்பேடுகளால் தமிழ் மாணவர்க்குப் பெயரளவில் அறிமுகமான லெய்டன் என்னும் நெதர்லாந்து நகரத்தில், 1992 முதல் 2005 வரை 101 கவிதைகள் வீட்டுச் சுவர்களில் எழுதப்பட்டன. இருவர் முன்னின்று தொடங்கிய பணி அது. முதலில் எழுதப்பட்டது ருஷியக் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவின் பாட்டு. கவிதை எம்மொழியினதோ அம்மொழியிலேயே, அதற்குரிய எழுத்திலேயே அது எழுதப்பட்டது. பொருள் அறிய விரும்புவோர்க்குச் சிறு பலகையில் மொழிபெயர்ப்பு உண்டு. மொழி அறியாதார்க்கு எழுத்தின் வடிவமே ஓவியமாய் நின்று இன்பந் தருகிறது. போற்றத்தக்க பணியே. எனினும் அஃது ஊர்ச்சுவரில் விரித்து வைத்த ஒரு தொகைநூல். தொகுத்தவர் சுவை நற்சுவை. ஊரார் சுவை அதனுள் எத்துணை என்பது வேறு வினா. நாம் அதனைக் கண்டு கற்க வேண்டுவது எழுத்தை மதிக்கும் பண்பை. அவ்வாறே பின்பற்றுதல் போதாது.

நம் நாட்டிலும் பெருமுயற்சி நடந்திருக்கிறது. சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில், ஆற்றங்கரை முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட ஏழை மக்கள் வாழ்கின்றனர். 2020 ஆம் ஆண்டில் ஸ்டார்ட் இந்தியா என்னும் அமைப்பினர், ஓவியர் பலரைக் கொண்டு அவர்தம் அடுக்கு வீடுகளின் சுவர்களில் பெரும் படங்கள் எழுதுவித்தனர். புகாரை விட்டு அயலூர் புகுந்து அல்லலுற்றவள் கண்ணகி. இடம் பெயர்ந்தோர் வாழும் ஊருக்கு அவள் பெயரையே இட்டது கருதிச் செய்ததோ, தற்செயலோ, அறியேன். பெயரே ஒரு பாட்டாய் அமைந்த அவ்வூரில், படத்தின் பக்கத்தே அங்குள்ள தாய்மார் பாடும் தாலாட்டும், பழைய இடத்தை நினைந்து கிழவியர் கூறும் சொல்லும் ஏறுமாயின், வருவோர் சுவரைக் கண்டு வியப்பதோடு நில்லார். அங்கு வாழ்வோர் கூறுவதையும் கேட்பர்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். எல்லாச் சுவரும் ஓவியம் ஏற்கத் தகுதியுடையன அல்ல. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஒரு சாராரை மறு சாராரிடமிருந்து பிரிக்க எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 ஆம் ஆண்டு மே மாதம் இடிக்கப்பட்டது. அத்தகைய சுவரில் ஒற்றுமையைப் புகழும் பாவும் கைகோத்து நிற்கும் மக்கள் படமும் எழுதுவது எளிது; அது பொய்க்குப் பொன் முலாம் பூசுதலாகும். இடிக்க வேண்டியதை இடித்தலே அங்குக் கலை. கழிவுநீர் தேங்கும் தெருவில் நீர்நிலை எழுதுதலும் அவ்வகையதே. ஆதலின் பாட்டும் படமும் எழுதப் புகுமுன், இச்சுவர் யாரை உள்ளே வைத்து யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டல் நலம். நம் கல்லூரி மதிலைக் குறித்தும் இவ்வினா எழும்; எழுதல் நன்றே.

எப்பாட்டை எழுதுவது? சங்கச் செய்யுளை யாமே தேர்ந்து கொண்டுபோய் எழுதிவிட்டுத் திரும்புதல் கூடாது. தெருவாரிடம் சென்று கேட்டால் தாலாட்டு வரும், ஒப்பாரி வரும், ஏற்றப்பாட்டு வரும், விடுகதை வரும். விடுகதை இப்பணிக்கென்றே பிறந்தது போலும்! மதிலின் ஒரு கோடியில் விடுகதையைச் சொல்லால் எழுதுக; மறு கோடியில் அதன் விடையைப் படமாக எழுதுக. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் சொல்லைப் படித்துக்கொண்டே நடந்து விடையைக் காண்பான். எழுத்தறியாத பாட்டி படத்தைக் கண்டு வினாவைத் தன் நினைவிலிருந்து எடுத்துரைப்பாள். பரங்குன்றத்து மண்டபத்தில் எழுந்த பேச்சு நம் தெருவிலும் எழும். படம் பாட்டிற்கு எதிரொலி ஆகாதிருத்தலும் வேண்டும். பாட்டு மழையைப் பாடினால், படமும் மழையையே காட்ட வேண்டா. குடை பழுது பார்ப்பவனைக் காட்டட்டும். சொல்லாததைப் படமும், காட்டாததைச் சொல்லும் தந்தால் அன்றோ இரண்டும் ஒரு சுவரில் இருத்தற்குக் காரணம் உண்டு!

எழுதுவோர் கிடைப்பரோ என்று ஐயுற வேண்டா. பிளக்ஸ் பதாகை வந்த பின்பு தொழில் இழந்த பெயர்ப்பலகை ஓவியர் பல ஊர்களில் உளர். தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் கொம்பும் எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அவர் கை அறியும். நம் இலக்கணம் அதனை அறியாது. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்கும் எழுத்து மூன்று நான்கு அங்குல உயரமாவது இருத்தல் வேண்டும் என்பதும், உகரக் குறிகளும் புள்ளியும் அடுத்த வரியில் முட்டாதபடி இடைவெளி விடல் வேண்டும் என்பதும் அவர்க்கே தெரியும். அவர்க்கு உரிய கூலி கொடுத்து அவரிடம் கற்பதே முறை. சிறு படத்தைச் சுவரளவு பெரிதாக்கக் கட்டம் கட்டுவர். அக்கணக்கோ, வைகறைதோறும் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்டிர்க்குப் புதிதன்று.

இரண்டு மழைக்காலத்தில் வண்ணம் உரிந்துபோமே என்பர் சிலர். உரியட்டும். கோலம் மாலைவரை நில்லாதென்று எவரும் அதனை இடாமல் விட்டதில்லை. உரிந்த இடத்தில் அடுத்த ஆண்டு மாணவரும் தெருவாரும் கூடி வேறொன்று எழுதுவர். என்றும் அழியாச் சுவர்க்கவிதை ஒன்றை நிறுவுதலைவிட, ஆண்டுதோறும் கூடுதற்கு ஒரு காரணம் பெறுதல் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மற்றொரு சாரார், நம் கல்லூரி கிறிஸ்தவக் கல்லூரியாயிற்றே, மதிலில் வேதவசனம் எழுதலாகாதோ என்பர். ஆலயத்தில் பீடத்தின் மேலுள்ள வளைவில் வசனம் எழுதும் வழக்கத்தை யான் நேசிக்கின்றேன். ஞாயிறுதோறும் அதன் எதிரே அமர்ந்து எழுத்துக்கூட்டப் பழகிய சிறுவர் பலர். ஆனால் அச்சபையார் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட வசனம் அது. மதிலின் வெளிமுகம் பத்திரப்படி நமதாயினும், அதனை நாள்தோறும் காண்போர் தெருவார். அவர்களைக் கேளாமல் அதில் நம் வசனத்தை எழுதுவது உரக்கப் பேசுதலாகுமே அன்றிச் சாட்சியாகாது. அவர்களுள் ஒருவர் தாமே ஒரு சங்கீதத்தை விரும்பிக் கேட்பாராயின், மகிழ்வோடு எழுதுவோம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் உலர்வது தை மாதத்தில். அதற்கு முன்னரே, முதல்வரும் தமிழ்ப் பேராசிரியரும் இசைவளிப்பரேல், சிறப்பு வகுப்பு மாணவர் சிலர் மாலைதோறும் மதிலை ஒட்டிய தெருவில் வீடு வீடாகச் சென்று பாட்டும் விடுகதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். செலவு சுண்ணாம்பும் வண்ணமும் ஓவியர் கூலியும். கல்லூரி நாளில் மேடை அலங்காரத்திற்குச் செல்வதில் ஒரு பகுதியைக் குறைத்தால் அதற்குப் போதும். மதிலின் எப்பகுதி என்று கேட்பின், தேநீர்க்கடைக்கு எதிரே உள்ளதையே யான் சொல்வேன்; அங்கே எப்பொழுதும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பர்.