ஒன்றை மட்டும் விட்டுவிட்டு...



‘கடவுளுக்குக் கீழ்ப்படியாதவர் யார்?’னு கேட்டா, ஆலயத்துக்கே போகாதவரைத்தான் நாம கை காட்டுவோம். தினமும் ஜெபம் பண்ணிக்கிட்டே கீழ்ப்படியாமல் இருக்கவும் முடியும். எப்படின்னா, அவர் சொன்ன ஒன்றை மட்டும் விட்டுட்டு மீதி ஒன்பதையும் நல்லாச் செய்றது! இதுதான் பெரிய பிடிவாதம் என்பது என் கருத்து.

வேதாகமத்தில் சவுல் ராஜா இதைத்தான் செய்தார். அமலேக்கியரின் ஆடுமாடுகள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கட்டளை. அவரோ கொழுத்ததை எல்லாம் வைத்துக்கொண்டார். சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டதும், ‘கடவுளுக்குப் பலியிடத்தான்’ என்றார். அந்தச் சாக்கு எடுபடவில்லை. ராஜாங்கமே கைவிட்டுப் போனது.

நம்ம பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். சேந்தமங்கலம் பக்கம் போனா எதிரே தெரியுதே கொல்லிமலை, அங்கே 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அப்பா ஜெசி பிராண்ட் மலைமக்களுக்கு மருத்துவம் பார்த்தார், வீடு கட்டவும் கற்றுக்கொடுத்தார். சீழையும் ரத்தத்தையும் பார்த்துப் பார்த்து, சின்னப் பையன் பாலுக்கு வைத்தியம் என்றாலே அருவருப்பு. பிறகு இங்கிலாந்தில் ஒரு உறவினர் மருத்துவம் படிக்கப் பணம் தர முன்வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவைப் போல ஊழியம் செய்ய ஆசைதான், ஆனால் கட்டட வேலை செய்துதான்! பிறகு ஒரு ஆஸ்பத்திரியில், செத்தவர் போலக் கிடந்த ஒரு பெண் ரத்தம் ஏற்றியதும் கண் விழித்ததைப் பார்த்தார். எந்த ரத்தத்தை வெறுத்தாரோ அதுவே உயிர் கொடுத்தது. டாக்டருக்குப் படித்து 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அவரை நான் குறை சொல்லவில்லை. ‘எல்லாம் செய்றேன், அது மட்டும் வேண்டாம்’னு நாம தள்ளி வைக்கிற இடத்திலேயே நம்ம வேலை காத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி என் கதை. ஒரு தோழியோட வேதியியல் ரெக்கார்டு நோட்டை வாங்கிட்டுப் போனேன். மழையில நனைஞ்சு மையெல்லாம் கலைஞ்சு போச்சு. ‘அன்னைக்கே கொடுத்துட்டேனே, உன் பையில பாரு’ன்னு பொய் சொல்லிட்டேன். பாவம், அவ ராத்திரியெல்லாம் முழிச்சு வேற நோட்டு எழுதினா.

அதற்கப்புறம் நான் ரொம்ப பக்தியாயிட்டேன்! பாடகர் குழுவில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். அவகிட்ட உண்மையைச் சொல்றதை மட்டும் செய்யல. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன பகுதியை ஆலயத்தில் வாசித்தபோது, நிமிர்ந்து பார்க்கவே முடியல.

என்ன செய்யணும்னு தெரியாமல் நான் இல்லை. தெரிந்தே சாக்கு தேடினேன். ‘பரீட்சை முடியட்டும்’, ‘அவளே மறந்திருப்பா’ன்னு தள்ளிப் போட்டேன். கூச்சம் போனபிறகு கீழ்ப்படியலாம்னு காத்திருந்தா அந்த நாள் வரவே வராது. கூச்சத்தோடேயேதான் போகணும்.

போன திங்கட்கிழமை மதியம் அந்த நனைந்த நோட்டை அவள் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவ பேசல. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினா. அவள் தள்ளாமலே போயிருந்தாலும் நான் சொன்னது சரிதான்.

கப்பல் ஏறி ஓடிய யோனாவையும் கடவுள் இரண்டாம் முறை கூப்பிட்டார். நீங்கள் எந்த மதமானாலும், உங்கள் ‘அந்த ஒன்று’ எதுவென்று உங்களுக்கே தெரியும். என்னைப் போல நாள் கடத்தாதீங்க. இன்னைக்கு சாயங்கால மணி அடிக்கிறதுக்குள்ள செஞ்சிடுங்க!

– பதினோராம் வகுப்பு மாணவி