ஆற்றுக்கு இடம் விடுங்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், அடியில் ஆறே ஓடாத பாலம் ஒன்று நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னரின் கடற்படைத் தளபதி அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டியது. வெள்ளத்தின் வேகம் தணிய, பெரிய கூர்வளைவுகளுக்கு இடையே சிறு திறப்புகளும் வைத்திருக்கிறார்கள். 1938இல் அதன் அடியில் ஓடிய ஒரேத்தோ ஆற்றையே திருப்பிவிட்டார்கள். பாலத்தடியில் இன்று புல்தரை. பப்பிரேத்தோ, கெமோனியா ஆறுகளோ பழைய நகரத் தெருக்களுக்கு அடியில் புதைந்துவிட்டன.

மிஞ்சிய ஒரேத்தோவிலும் பல்லாண்டுகளாகக் கழிவுநீர், குப்பை. ஆனாலும் மக்கள் அதைக் கைவிடவில்லை. மக்கள் மனம்கவர்ந்த இடங்களுக்காக 2018இல் நடந்த தேசிய வாக்கெடுப்பில் 83,000க்கும் மேற்பட்ட வாக்குகளுடன் அது இரண்டாமிடம் பிடித்தது. ‘ஆற்று ஒப்பந்தம்’ என்ற ஏற்பாட்டை இத்தாலியச் சட்டம் 2015இல் ஏற்றது. நதிப்படுகையின் உள்ளாட்சிகளும் விவசாயிகளும் குடியிருப்போரும் கூடித் திட்டமிடும் முறை அது. ஒரேத்தோவுக்கும் அம்முயற்சி தொடங்கியது.

பலெர்மோவின் பாடம் நமக்கும் உண்டு. அதே 2015 டிசம்பரில்தான் அடையாற்று வெள்ளம் சென்னை வீடுகளுக்குள் புகுந்தது. கரையில் பூங்காவும் நடைபாதையும் பிறகு வரட்டும். கழிவுநீர்க் குழாய்களை அடைப்பதும் வெள்ளச் சமவெளியில் கட்டட அனுமதியை மறுப்பதும் முதல் வேலை. சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம், செம்பரம்பாக்கம் ஏரி முதல் அடையாற்றின் முகத்துவாரம் வரையுள்ள உள்ளாட்சிகள் அனைத்தையும் ஒரே ஆற்றுத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.