நம்பர் இல்லாத பழைய துப்பாக்கி: வாங்கினால் என்ன ஆகும்?

நெகிரி செம்பிலானில் பகாவ், தம்பின் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. அதைக் காரணம் காட்டி, யாராவது தாத்தா காலத்துத் துப்பாக்கியை உங்களிடம் மலிவாகத் தள்ளிவிடப் பார்க்கலாம். "பழசுதானே, நம்பர்கூட கிடையாது, யாருக்குத் தெரியப்போகுது?" என்பார். நம்பிடாதீங்க.

வரிசை எண் இல்லாத பழைய துப்பாக்கி வைத்திருப்பது குற்றமில்லை என்று யூடியூபில் சொல்வது அமெரிக்கக் கதை. எல்லாத் துப்பாக்கியிலும் எண் பொறிப்பது அங்கே 1968-இல்தான் கட்டாயமானது. மலேசியாவில் கேள்வியே வேறு: லைசென்ஸ் இருக்கா? 1960 ஆயுதச் சட்டப்படி அதைத் தருபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது அவரோடு சரி, உங்களுக்குக் கைமாறாது. எண்ணும் இல்லையென்றால், அது எங்கிருந்து வந்தது, எந்தக் குற்றத்தில் பயன்பட்டது என்ற சந்தேகமெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

இந்தச் சட்டத்தில் 7 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-இல் வந்த கடுமையான துப்பாக்கிச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டுவரை சிறை, கூடவே குறைந்தது 6 பிரம்படி.

வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதா? தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. தொடாமல், போலீஸுக்கு ஃபோன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்க.